'ஸ்கேன்' எடுக்க நாள் குறித்துவிட்டார்களா?

"ஏன் அண்ணி, பெரிய ஆஸ்பத்திரியிலே உங்களைப் பெட்டிக்குள்ளே படுக்க வைத்து மூடிவிடுவார்களாமே! உள்ளே போனதும் கரண்டு பாயுமாம்!"

சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று டாக்டர் நாள் எழுதிக் கொடுத்தால் போதும். சீட்டு வீடு வந்து சேரும் முன்பே இப்படிப்பட்ட கதைகள் வாசலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். "எங்கள் பெரியப்பாவுக்கு அதை எடுத்த பிறகுதான் நோயே முற்றியது" என்பார் ஒருவர். "ஸ்கேன் வரைக்கும் போய்விட்டதென்றால் இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்பார் இன்னொருவர். கேட்கிறவருக்குக் கை கால் நடுங்காமல் என்ன செய்யும்? அன்று பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகாமலே இருந்துவிடுகிறவர்களும் நம்மில் உண்டு. பல வாரங்கள் காத்திருந்து கிடைத்த நாள் அப்படியே வீணாகிப் போகிறது. வயிற்றில் இருக்கும் கட்டியோ, தலையில் கட்டிய இரத்தமோ நமக்காகக் காத்திருக்குமா?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். சி.டி. ஸ்கேன் என்பது வைத்தியம் அல்ல. அது படம் எடுப்பது, அவ்வளவுதான். வெட்டு இல்லை, தையல் இல்லை, மயக்கம் கொடுப்பதும் சாதாரணமாக இல்லை. சிலருக்கு ஓர் ஊசி உண்டு. இயந்திரம் படம் பிடிக்கும் நேரம் சில வினாடிகள்தாம். ஆனாலும் நாம் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கேட்பதற்கு முன்பே சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். இயந்திரத்துக்குப் பயப்படுகிற நம்மவர்கள், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவதற்குப் பயப்படுவதில்லை. பயம் இருக்க வேண்டிய இடம் அதுதான்.

எந்த ஸ்கேன்?

நம் பேச்சில் எல்லாமே 'ஸ்கேன்'தான். பிள்ளைத்தாய்ச்சிக்கு வயிற்றில் பசை தடவிப் பார்ப்பதும் ஸ்கேன். பெரிய குழாய்க்குள் அரை மணி நேரம் படுக்க வைத்து எடுப்பதும் ஸ்கேன். ஆனால் இவை வேறு வேறு.

பசை தடவிப் பார்ப்பது ஒலி அலையால். நம் காதுக்குக் கேட்காத சத்தத்தை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறார்கள். குழாய்க்குள் போய் 'டக் டக்' என்று பெரும் சத்தத்தோடு எடுப்பது எம்.ஆர்.ஐ. அது காந்தத்தால் வேலை செய்வது. 'பெட்டிக்குள் வைத்து மூடுகிறார்கள்' என்ற கதை பெரும்பாலும் அதைப் பார்த்து வந்ததுதான். அங்கேயும் மூடுவதில்லை என்பது வேறு விஷயம்.

சி.டி. என்பது எக்ஸ்ரேயின் தம்பி. இயந்திரத்தைப் பார்த்தால் நடுவில் ஓட்டை போட்ட பெரிய உளுந்து வடையை நிமிர்த்தி வைத்தாற்போல் இருக்கும். அந்த ஓட்டைக்குள் ஒரு மெல்லிய கட்டில் போகும், வரும். வளையத்தின் கனம் கைநீளம் அளவுதான். முன்னாலும் திறப்பு, பின்னாலும் திறப்பு. வயிற்றுக்கு எடுக்கும்போது தலை பெரும்பாலும் வளையத்துக்கு வெளியே இருக்கும்.

சாதாரண எக்ஸ்ரே ஒரு நிழல் போன்றது. முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துவிடும். சி.டி. அப்படியல்ல. வாழைத்தண்டை வட்ட வட்டமாக நறுக்கி ஒவ்வொரு வில்லையாகத் தூக்கிப் பார்க்கிறோமே, அப்படி உடம்பை நறுக்காமலே வில்லை வில்லையாகக் காட்டும். வளையத்துக்குள் எக்ஸ்ரே குழாய் நம்மைச் சுற்றிச் சுழல்கிறது. எதிர்ப்பக்கம் இருக்கும் கருவி, உடம்பைத் தாண்டி எவ்வளவு கதிர் வருகிறது என்று அளக்கிறது. அந்த அளவுகளை வைத்துக் கணினி கணக்குப் போட்டுப் படமாக்குகிறது. எலும்பு வெள்ளையாகத் தெரியும். காற்று கறுப்பாகத் தெரியும். சதையும் நீரும் இடைப்பட்ட சாம்பல் நிறங்களில் தெரியும்.

இசைத்தட்டுக் கம்பெனியில் பிறந்த இயந்திரம்

இதைக் கண்டுபிடித்தவர் டாக்டர் அல்லர் என்றால் நம்புவீர்களா? இங்கிலாந்தில் விவசாயப் பண்ணையில் வளர்ந்த காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற பொறியாளர்தான் அதைச் செய்தவர். அவர் வேலை பார்த்தது இ.எம்.ஐ. கம்பெனியில். நாய் ஒன்று ஒலிக்குழாயின் முன் உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் படம் போட்ட இசைத்தட்டு நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்த எச்.எம்.வி. இசைத்தட்டுகள் இ.எம்.ஐ.யைச் சேர்ந்தவைதாம்.

1971 அக்டோபர் 1-ஆம் நாள், லண்டன் விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மோர்லி ஆஸ்பத்திரியில் ஒரு பெண்மணியின் தலையை முதன்முதலாக இந்த இயந்திரம் படம் பிடித்தது. மூளையில் கட்டி இருக்குமோ என்ற சந்தேகம். படத்தில் கட்டி தெரிந்தது. அதுவரை மண்டையைத் திறக்காமல் மூளைக்குள் இப்படித் தெளிவாகப் பார்க்க வழியே இருந்ததில்லை. 1979-இல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும், இதே கணக்கைத் தனியாக முன்பே போட்டிருந்த ஆலன் கோர்மாக் என்ற விஞ்ஞானிக்கும் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்து கொடுத்தார்கள்.

நமக்கு வேண்டிய ஒரு சுவையான செய்தியும் இதில் உண்டு. அந்த முதல் இயந்திரம் தலைக்கு மட்டும்தான். தண்ணீர் நிரப்பிய தொட்டி ஒன்றில் ரப்பர் உறை பொருத்தி, அந்த உறைக்குள்தான் நோயாளி தலையை நுழைக்க வேண்டும். அது எந்த நாட்டுப் பால்மரத்து ரப்பரோ, யார் கண்டது! ஒரு வில்லைப் படத்துக்கே பல நிமிடம் தலையை அசைக்காமல் வைத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது அதே நேரத்தில் நெஞ்சையும் வயிற்றையும் முழுதாக எடுத்து முடித்து, நம்மைக் கட்டிலைவிட்டு இறக்கியும் விடுவார்கள்.

நாள் வாங்கும்போதே சொல்ல வேண்டியவை

நம் நாட்டில் இந்த இயந்திரம் எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை. சின்ன மாவட்ட ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, கடிதம் எழுதி ஈப்போவுக்கோ கிள்ளானுக்கோ சிரம்பானுக்கோ ஜொகூர்பாருவுக்கோ அனுப்புவார்கள். உடனே எடுக்க வேண்டிய அவசரம் இல்லையென்றால் நாள் தள்ளித்தான் கிடைக்கும். தனியார் இடங்களில் சீக்கிரம் எடுக்கலாம், ஆனால் பல நூறு வெள்ளி ஆகும். அரசாங்க ஆஸ்பத்திரியில் குடிமக்களுக்குக் கட்டணம் அதைவிட மிகக் குறைவு. அதையும் கட்ட முடியாத நிலை என்றால், ஆஸ்பத்திரியிலேயே மருத்துவ சமூகநலப் பகுதி இருக்கிறது. அங்கே போய்ச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நாள் கொடுக்கும் முகப்பிலேயே ஒரு பாரத்தை நிரப்பக் கொடுப்பார்கள். பிள்ளைகள் யாராவது படித்துச் சொன்னால் நல்லது. எல்லாவற்றுக்கும் 'தீடாக்' என்று கோடு போட்டுக் கையெழுத்து வைத்துவிடக் கூடாது. அந்தக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது.

காரணம் இதுதான். பல ஸ்கேன்களில் இரத்தக் குழாய்களும் கட்டிகளும் தெளிவாகத் தெரிவதற்காக, அயோடின் கலந்த ஒரு மருந்தை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். சாயம் என்று பெயரே தவிர, அதற்கு நிறம் கிடையாது. தண்ணீர் மாதிரிதான் இருக்கும். அது சிறுநீரகம் வழியாக ஒரு நாளுக்குள் வெளியே போய்விடும். ஆகவே அவர்கள் முதலில் கேட்பது 'புவா பிங்காங்' எப்படி என்று. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அந்த மருந்து மேலும் பாரமாகலாம். அதனால்தான் முன்கூட்டியே இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். "ஸ்கேனுக்கு வந்தால் எதற்கு இரத்தம் எடுக்கிறார்கள்" என்று கோபித்துக்கொண்டு திரும்பி வந்துவிடாதீர்கள்.

அடுத்தது 'கென்சிங் மானிஸ்', அதாவது இனிப்பு நீர். நம் மக்களில் வீட்டுக்கு ஒருவருக்காவது இருக்கும்போல் இருக்கிறது. இதற்குப் பலரும் சாப்பிடுவது மெட்ஃபோர்மின் மாத்திரை. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு, ஸ்கேன் மருந்து ஏற்றிய பிறகு இந்த மாத்திரை உடம்பிலேயே தங்கி இரத்தத்தைப் புளிக்க வைத்துவிடக் கூடும். அப்படிப்பட்டவர்களை ஸ்கேன் நாளிலிருந்து 48 மணி நேரம் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். மறுபடி இரத்தம் பார்த்துவிட்டுத் தொடரச் சொல்வார்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் நிறுத்தத் தேவையிருக்காது. ஆகவே பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சொன்னதை நீங்கள் செய்யக் கூடாது. உங்கள் மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, அட்டையில் அச்சடித்திருக்கிறது.

அந்தப் பையில் நாட்டு மருந்தும் இருக்கட்டும். வேர், லேகியம், 'ஜாமு', சந்தையில் வாங்கிய வலி மாத்திரை எதையும் ஒளிக்காதீர்கள். டாக்டர் திட்டுவார் என்று இதை மறைப்பது நம்மவர்களின் பழக்கம். சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்கே கெடுதல் செய்பவை. திட்டினால் திட்டட்டும், சொல்லிவிடுங்கள்.

முன்பு எப்போதாவது இந்த ஸ்கேன் மருந்து ஏற்றி உடம்பெல்லாம் தடித்ததா, மூச்சு முட்டியதா? இதுதான் மிக முக்கியமான கேள்வி. ஆஸ்துமா உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்பதையும் கேட்பார்கள். இதற்கு அவர்கள் சொல்லும் சொல் 'அலாஹான்'. இறால், நண்டு சாப்பிட்டால் அரிப்பு வருகிறவர்களுக்கு இந்த மருந்து ஆகவே ஆகாது என்று முன்பு ஒரு பேச்சு இருந்தது. இன்று டாக்டர்கள் அதைத் தனிக் காரணமாகக் கொள்வதில்லை. இருந்தாலும் சொல்லிவைப்பதில் நட்டமில்லை.

இனிப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. 'மெங்ஙாண்டுங்?' என்று கேட்பார்கள், கர்ப்பமா என்று பொருள். மாதவிலக்கு நாலு நாள் தள்ளிப் போயிருந்தாலும் சொல்லிவிட வேண்டும். வயிற்றில் இருக்கும் சிசுவுக்குக் கதிர் தேவையில்லாமல் போய்ச் சேரக் கூடாது. இதில் நம் வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. துணைக்கு மாமியார் வந்திருப்பார், அல்லது வயசுப் பெண்ணுக்கு அப்பா வந்திருப்பார். அவர்கள் எதிரில் வாய் வராது. அப்படியானால் "மிஸி, தனியாக ஒன்று பேச வேண்டும்" என்றால் போதும். அவர்கள் புரிந்துகொள்வார்கள். உடன் வந்த பெரியவர்களும் அந்த நேரம் எழுந்து வெளியே போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வரலாமே. பால் கொடுக்கும் தாய்மார்கள் மருந்து ஏற்றிய பிறகும் பால் கொடுக்கலாம். பாலில் கலப்பது மிக மிகக் கொஞ்சம்தான்.

தாலியைக் கழற்றச் சொன்னால்?

எழுதுவதற்குக் கூச்சமாக இருந்தாலும், இதற்காகவே ஸ்கேன் வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்ட அம்மாமார்கள் உண்டு என்பதால் எழுத வேண்டியிருக்கிறது. படம் எடுக்கும் இடத்தில் உலோகம் இருந்தால் அதைச் சுற்றி நட்சத்திரம் வெடித்ததுபோல் கோடு கோடாக விழும். அதன் பின்னால் இருப்பது எதுவும் தெரியாது. தலைக்கு எடுத்தால் தோடு, மூக்குத்தி, கொண்டை ஊசி, கழற்றும் பல்செட்டு எல்லாம் வெளியே வர வேண்டும். நெஞ்சுக்கோ கழுத்துக்கோ எடுத்தால் தாலிச் சங்கிலி. வயிற்றுக்கு எடுத்தால் வெள்ளி அரைஞாண், இடுப்பில் கட்டிய தாயத்து. ஆண்களுக்கும் இதுவேதான்.

இது சகுனம் பார்க்கிற விஷயம் அல்ல என்று இங்கே வாதம் செய்யப் போவதில்லை. வழி சொல்கிறேன். முதல் நாளே வீட்டில் நல்ல நேரம் பார்த்து, வெறும் மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பொன் தாலியைக் கழற்றிப் பூஜை அலமாரியில் வைத்துவிடுங்கள். கயிறும் மஞ்சளும் இயந்திரத்துக்குத் தடையல்ல. இறுகிப் போன மூக்குத்தியையும் வீட்டிலேயே எண்ணெய் விட்டுத் தளர்த்திக் கழற்றிவிட்டால், அங்கே போய் வலியோடு முறுக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நகையைப் பையில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது வேண்டாம். தொலைந்தால் யாரைக் கேட்பது?

அன்றைக்கு

மருந்து ஏற்றும் ஸ்கேன் என்றால் சில மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்வார்கள். 'புவாசா' என்று சீட்டில் எழுதியிருக்கும். எத்தனை மணியிலிருந்து, தண்ணீர் குடிக்கலாமா என்பது ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் ஒரு மாதிரி. சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இனிப்பு நீர் உள்ளவர்கள் இன்சுலின் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு போய் உட்கார்ந்தால், வேர்த்துக் கொட்டி மயங்கி விழ நேரும். அன்று காலை எந்த மருந்தை எடுக்கலாம், எதை விடலாம் என்பதையும் அப்போதே கேட்க வேண்டும். முடிந்தால் காலையில் முதல் ஆளாக எடுக்கும்படி நாள் கொடுக்கச் சொல்லலாம்.

அடையாளக் கார்டு, சீட்டு, பழைய எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் இருந்தால் அது, ஒரு கனமான துண்டு அல்லது போர்வை, இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். துண்டு எதற்கு என்கிறீர்களா? அந்த அறை இயந்திரத்துக்காகக் குளிராக வைக்கப்பட்டிருக்கும். வெயிலில் வேலை செய்து பழகிய உடம்பு நடுங்கிவிடும். மலாய் பேசத் தெரிந்த ஒருவர் துணைக்கு வருவது நல்லது. வேலைக்குப் போக முடியாத அந்த நாளுக்கு எம்.சி.யோ வந்துபோன நேரச் சீட்டோ அங்கேயே கேட்டு வாங்கிவிடுங்கள். மறுநாள் மண்டோரிடம் வாயால் சொல்லிக்கொண்டிருப்பதைவிடத் தாள் மேல்.

வயிற்று ஸ்கேன் என்றால் சிலருக்கு மருந்து கலந்த தண்ணீரைப் பெரிய குவளையில் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொல்வார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகும். குடல் தெளிவாகத் தெரிவதற்காக அது. ருசி சுமாராகத்தான் இருக்கும். ஒரே மூச்சில் குடித்து வாந்தி எடுத்துவிட வேண்டாம்.

பிறகு கையில் 'பிரானுலா' குத்துவார்கள். வலி எல்லாம் அந்த ஒரு குத்தோடு சரி. ஊசியை எடுத்துவிட்டு மெல்லிய குழாயை மட்டும் நரம்பில் விட்டுவைப்பார்கள். கட்டிலில் படுத்ததும் ஜூரு எக்ஸ்ரே, அதாவது படம் எடுப்பவர், நம்மைச் சரியான இடத்தில் வைப்பார். தலைக்கு என்றால் நெற்றியில் ஒரு பட்டை கட்டுவார். அசையாமல் இருக்கத்தான் அது. வளையத்தில் சிவப்புக் கோடாக ஒரு வெளிச்சம் விழும். அதை உற்றுப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பின்பு அவர் வெளியே போய்க் கதவைச் சாத்துவார். "நம்மைத் தனியாக விட்டுவிட்டு ஓடுகிறாரே, அப்படியானால் ஆபத்துதானோ" என்று இங்கேதான் பலருக்கும் நெஞ்சு படபடக்கிறது. அவர் நாள் முழுவதும், வருடம் முழுவதும் அதே வேலை செய்கிறவர். ஒவ்வொரு ஆளோடும் உள்ளே நின்றால் அவருக்குக் கதிர் சேர்ந்துகொண்டே போகும். அதனால் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறார். அங்கிருந்து நம்மைப் பார்க்கிறார், நாம் பேசினால் அவருக்குக் கேட்கும். சின்னப் பிள்ளைகளுக்கு எடுக்கும்போது, தாயோ தகப்பனோ ஈய அங்கி போட்டுக்கொண்டு கூட நிற்க விடுவது உண்டு. கர்ப்பிணியாக இருக்கும் தாய் மட்டும் நிற்கக் கூடாது.

ஒலிபெருக்கியில் குரல் வரும். 'தாரிக் நாஃபாஸ்' என்றால் மூச்சை இழு. 'தாஹான்' என்றால் அடக்கு. 'லெபாஸ்' என்றால் விடு. 'ஜாங்ஙான் கெராக்' என்றால் அசையாதே. வீட்டில் நாலு முறை பழகிப் பாருங்கள். பத்து, பதினைந்து வினாடி அடக்கத் தெரிந்தால் போதும். மூச்சு விட்டுவிட்டால் படம் கலங்கிவிடும், மறுபடி எடுக்க நேரும். இருமல் உள்ளவர்கள் முன்பே இருமித் தீர்த்துவிட்டுப் படுக்கலாம்.

மருந்து ஏறும்போது நடப்பதை முன்பே தெரிந்துகொண்டால் அலறத் தேவையில்லை. தொண்டையில் ஒரு சூடு கிளம்பி, நெஞ்சு வழியாக இறங்கி, அடிவயிற்றில் பரவும். வாயில் செம்புக் காசைக் கடித்தாற்போல் ஒரு ருசி வரும். துணியிலேயே சிறுநீர் போய்விட்டதோ என்று தோன்றும். போயிருக்காது. எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஒன்று, இரண்டு நிமிடத்தில் அது அடங்கிவிடும். வெட்கத்தால் எழுந்து உட்கார்ந்துவிடாதீர்கள்.

ஆனால் ஊசி குத்திய இடம் மட்டும் வீங்கி எரிந்தால், உடம்பு அரித்துத் தடித்தால், தொண்டை இறுகினால், மூச்சு வாங்கினால், உடனே சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்வது நம் பெண்களின் குணம். இந்த இடத்தில் அந்தக் குணம் ஆகாது. மருந்தும் ஆளும் அங்கேயே தயாராக இருக்கிறார்கள். முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் உட்கார வைப்பது இதற்காகத்தான். பஸ் போய்விடும் என்று பிரானுலாவோடு கிளம்பிவிட வேண்டாம். வீட்டுக்கு வந்து, தண்ணீர் அளவாகக் குடிக்கச் சொல்லப்பட்ட இருதய, சிறுநீரக நோயாளிகள் தவிர, மற்றவர்கள் தாராளமாகத் தண்ணீர் குடிக்கலாம்.

முகத்தைப் படிக்காதீர்கள்

வெளியே வந்ததும் ஜூரு எக்ஸ்ரேயைச் சூழ்ந்துகொண்டு "என்ன தெரிந்தது?" என்று கேட்கிறோம். அவர் சொல்ல மாட்டார். உடனே, "மூஞ்சியே சரியில்லை, ஏதோ மறைக்கிறார்" என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பாவம், அவர் காலையிலிருந்து நின்றுகொண்டிருப்பவர்! படம் எடுப்பது அவர் வேலை. அதைப் படித்து எழுதுவது கதிரியக்க நிபுணரான டாக்டர். அதை உங்களிடம் விளக்குவது உங்களை அனுப்பிய டாக்டர். நூற்றுக்கணக்கான வில்லைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருப்பதால் அதற்கு நாள் ஆகும். அவசரமானால் அன்றே பார்த்துவிடுவார்கள்.

'கரண்டு' விஷயத்தையும் தீர்த்துவிடுவோம். புற்றுநோய்க்குக் கதிர் கொடுத்து வைத்தியம் செய்வதைச் சிலர் கரண்டு வைப்பது என்பார்கள். சி.டி. அதுவல்ல. இதிலும் எக்ஸ்ரே கதிர்தான், ஆனால் அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாகவே ஒவ்வொரு மனிதருக்கும் வருடத்துக்கு உலக சராசரியாகச் சுமார் 2.4 மில்லிசீவர்ட் கதிர் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. தலை ஸ்கேன் ஒன்றுக்குச் சுமார் 2. வயிற்று ஸ்கேனுக்கு ஏறக்குறைய 8 முதல் 10. எடுத்து முடித்ததும் உடம்பில் கதிர் எதுவும் தங்குவதில்லை. வீட்டுக்கு வந்து பேரப்பிள்ளையைத் தாராளமாகத் தூக்கலாம்.

அதற்காக, தலை வலித்தால் "எனக்கும் ஒரு ஸ்கேன் எடுங்கள்" என்று கேட்பதும் சரியல்ல. பட்டணத்தில் வசதி வந்ததும் சிலருக்கு இந்தப் பழக்கம் வந்திருக்கிறது. கதிர் பலமுறை சேரச் சேர, பிற்காலத்தில் புற்றுநோய்க்கான வாய்ப்பு சிறிதளவு கூடுகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. டாக்டர் வேண்டாம் என்றால் அது கஞ்சத்தனம் அல்ல.

நாள் குறிக்காமல் வரும் ஸ்கேன்

இதுவரை சொன்னது சீட்டு வாங்கிப் போகும் ஸ்கேன். சீட்டு இல்லாமல் வருவது ஒன்றுண்டு. திடீரென்று ஒருவருக்கு வாய் ஒரு பக்கம் கோணுகிறது, ஒரு கை தூக்க வரவில்லை, பேச்சுக் குழறுகிறது. பக்கவாதம். அல்லது செம்பனைக் குலை தலையில் விழுகிறது, மோட்டார் சைக்கிள் சறுக்கித் தலை அடிபடுகிறது, அடிபட்டவர் வாந்தி எடுக்கிறார், தூங்கித் தூங்கி விழுகிறார்.

பக்கவாதம் இரண்டு விதம். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைத்துக்கொள்வது ஒன்று. குழாய் வெடித்து இரத்தம் கசிவது மற்றொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான். அடைப்பு என்றால் அதைக் கரைக்கும் மருந்து இருக்கிறது. ஆனால் அது நோய் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டிய மருந்து. கசிவு உள்ளவருக்கு அதையே கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. இரண்டையும் பிரித்துக் காட்டுவது தலை ஸ்கேன்தான். புதிதாகக் கசிந்த இரத்தம் படத்தில் வெள்ளையாகத் தெரிந்துவிடும். இதற்குப் பட்டினி வேண்டாம், பெரும்பாலும் ஊசி மருந்தும் வேண்டாம். சில நிமிட வேலை.

நாம் என்ன செய்கிறோம்? எண்ணெய் போட்டு உருவிவிடுகிறவரைத் தேடுகிறோம். "காற்று அடித்துவிட்டது" என்று விபூதி போடக் காத்திருக்கிறோம். மூத்த மகன் கோலாலம்பூரிலிருந்து வரட்டும் என்கிறோம். நாலரை மணி நேரம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. விபூதியை வேனில் வைத்தும் பூசலாம். 999-க்குப் போன் செய்யுங்கள், அல்லது கிடைக்கிற வண்டியில் கிளம்புங்கள். வாயில் தண்ணீரோ காப்பியோ ஊற்ற வேண்டாம், புரையேறிவிடும். ஆஸ்பிரின் மாத்திரையும் வேண்டாம், கசிவாக இருந்தால் அது கூடிவிடும். வேலையில் அடிபட்டவர் என்றால் 'வேலை நேரத்தில் நடந்தது' என்று பதியச் சொல்லுங்கள், சொக்சோவுக்கு அது வேண்டியிருக்கும்.

அங்கே முதலில் கேட்கும் கேள்வி, "கடைசியாக எத்தனை மணிக்கு இவர் நன்றாக இருந்தார்?" என்பதுதான். "காலையிலிருந்தே இப்படித்தான்" என்று பொத்தாம் பொதுவாகச் சொன்னால் கரைக்கும் மருந்தைக் கொடுக்க டாக்டருக்கு வழியில்லாமல் போகும். காலை ஐந்தரைக்கு எழுந்து தேநீர் குடித்தார், பெரட்டில் நின்றார், ஏழு மணிக்கு நிரையில் பேசிக்கொண்டிருந்தார் என்று, பார்த்தவரைக் கேட்டு மணியோடு சொல்ல வேண்டும். கூட வேலை செய்தவரையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது இன்னும் நல்லது.

இன்னொன்று. அடைப்பினால் வந்த பக்கவாதம் முதல் சில மணி நேரம் ஸ்கேனில் தெரியாமலே போகலாம். "படம் சுத்தமாக இருக்கிறது" என்று டாக்டர் சொன்னால் கசிவு இல்லை என்றுதான் அர்த்தம். நோயே இல்லை என்று ஆளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட வேண்டாம். மறுநாள் இன்னொரு முறை எடுப்பார்கள். கசிவு வந்திருக்கிறதா, வீக்கம் எவ்வளவு என்று பார்ப்பதற்கு. "நேற்றுத்தானே எடுத்தீர்கள், முதல் படம் கெட்டுப்போய்விட்டதா?" என்று அப்போது கவலைப்பட வேண்டியதில்லை.